நாலு வாயில் நிறைந்துவிடும் வயிறு

"பசிக்குதுன்னுதான் உட்கார்றேன். நாலு வாய் போட்டதும் போதும்னு ஆயிடுது." "மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி வரைக்கும் அப்படியே நிக்குது." "வயிறு திம்முனு இருக்கு, ஒரு ஏப்பம் வந்தா தேவலை." இப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்ற தாளோடு திரும்புகிறார்கள். வீட்டில் அது "ஒன்றும் இல்லையாம்" என்று ஆகிவிடுகிறது. ஆனால் அடுத்த வேளைச் சாப்பாட்டில் அதே பாரம் வந்து வயிற்றில் உட்காருகிறது.

"நார்மல்" வேறு, "ஒன்றும் இல்லை" வேறு. எண்டோஸ்கோபி வெறும் வயிற்றில் செய்யப்படுவது. புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, உள்தோல் சிவந்திருக்கிறதா என்று அது பார்க்கிறது. கிரைண்டர் கல்லில் விரிசல் இல்லை என்று பார்த்துவிட்டோம். மாவு போட்டால் எப்படி அரைக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை. சாப்பிட்ட பிறகு இரைப்பை எப்படி வேலை செய்கிறது, அந்த வேலை எங்கே தடுமாறுகிறது, நீங்கள் என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

இரைப்பை செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை இடம் கொடுப்பது. சோறு இறங்கத் தொடங்கியதும் இரைப்பையின் மேல்பாகம் தளர்ந்து விரிகிறது. ஒரு லிட்டர் வரை உள்ளே போனாலும் அழுத்தம் அதிகம் ஏறாமல் இருப்பது இந்தத் தளர்ச்சியால்தான். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதை நடத்துகிறது.

இரண்டாவது வேலை அரைப்பது. இரைப்பையின் கீழ்ப்பாகத்தில் நிமிடத்துக்குச் சுமார் மூன்று அலைகள் ஓடுகின்றன. இந்தத் தாளத்தைத் தருபவை தசைக்கும் நரம்புக்கும் நடுவே இருக்கும் கஹால் செல்கள். 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹாலின் பெயர் அவற்றுக்கு.

மூன்றாவது வேலை அளந்து அனுப்புவது. இரைப்பையின் கடைவாயில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு நுணுங்கிய துகள்கள்தான் எளிதாக நுழையும். பெரிய துண்டுகள் மறுபடி அரைபடத் திரும்பும். தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். திட உணவு அரைபடும் வரை காத்திருந்து பிறகே கிளம்பும். எண்ணெய், நெய் முன்சிறுகுடலைத் தொட்டதும் "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குச் செய்தி போகிறது. ஆரோக்கியமான இரைப்பை, ஒரு சாதாரண உணவில் 90 சதவீதத்துக்கு மேல் நாலு மணி நேரத்தில் அனுப்பிவிடும்.

வயிறு காலியான பிறகும் ஓய்வு இல்லை. ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை, மிஞ்சிய சக்கையைப் பெருக்கித் தள்ளும் பலமான அலை ஒன்று மேலிருந்து கீழே ஓடுகிறது. 1969-ல் ஜோசப் ஷுர்ஷெவ்ஸ்கி இதை நாய்களில் விவரித்தார். பிறகு மனிதர்களிடமும் உறுதியானது. எதையாவது வாயில் போட்டதும் இந்தப் பெருக்கல் நின்றுவிடும்.

இந்த வேலைகளில் மனசுக்கும் பங்கு உண்டு. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டு, 1896-ல், ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன் விலங்குகளின் தீனியில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, அது உள்ளே போகும் வழியைத் திரையில் பார்க்கத் தொடங்கினார். பூனை அமைதியாக இருந்தபோது இரைப்பையில் அலைகள் வரிசையாக ஓடின. அது பதறியபோது அலைகள் நின்றன; அமைதியானதும் மறுபடி ஓடின. சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர் கண்ணால் கண்டார்.

எந்த வேலையில் தடுமாற்றம்?

ஒன்று, இடம் கொடுக்காத இரைப்பை. மேல்பாகம் தளராவிட்டால் கொஞ்சம் சோற்றுக்கே அழுத்தம் ஏறிவிடும். நாலு வாயில் "போதும்" என்ற உணர்வு வரும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் யான் டாக் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில், அஜீரணத்தால் அவதிப்பட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கு இந்தத் தளர்ச்சி குறைவாக இருந்தது.

இரண்டு, தாமதமாகக் காலியாகும் இரைப்பை. அடைப்பு எதுவும் இல்லாமலே உணவு அதிக நேரம் தங்கிவிடுவது. இதை மருத்துவர்கள் கேஸ்ட்ரோபரேசிஸ் என்பார்கள். குமட்டல், பல மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வருவது, சீக்கிரம் நிறைவது ஆகியவை இதன் முகங்கள். நீண்டகாலச் சர்க்கரை நோய், வயிற்றில் செய்த சில அறுவை சிகிச்சைகள், சில மருந்துகள், சில சமயம் ஒரு வைரஸ் காய்ச்சல் இதற்குக் காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரியாமலும் வருகிறது.

மூன்று, கூர்மையாகிவிட்ட உணர்வு. இரைப்பை சரியாகவே விரிந்து, சரியாகவே காலியாகும். ஆனால் மற்றவருக்குத் தெரியாத சாதாரண விரிவுகூட இவருக்குப் பாரமாகவும் வலியாகவும் தெரியும். இது கற்பனை இல்லை. நரம்பு வழியாக மூளைக்குப் போகும் செய்தியின் ஒலி உண்மையாகவே கூடியிருக்கிறது. சிலருக்கு முன்சிறுகுடலின் உள்தோலில் மெல்லிய அழற்சி இருப்பதையும் கடந்த சில பத்தாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

புண்ணோ கட்டியோ இல்லாமல் வரும் இத்தகைய தொல்லைக்குச் செயல்பாட்டு அஜீரணம் என்று பெயர். குடலின் செயல்பாட்டுக் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் பின்பற்றும், 2016-ல் வெளியான ரோம் 4 வரையறைப்படி, சாப்பிட்ட பின் தொந்தரவு தரும் நிறைவோ, சாப்பாட்டை முடிக்கவிடாத சீக்கிர நிறைவோ வாரத்தில் மூன்று நாளாவது இருக்க வேண்டும்; கடந்த மூன்று மாதமாகத் தொடர வேண்டும்; தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நீங்கள் தனியாகவும் இல்லை. இந்தியா உட்பட 33 நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், குடலின் செயல்பாட்டுக் கோளாறுகளில் ஏதாவது ஒன்று, இணையவழி பதில் சொன்னவர்களில் 40 சதவீதம் பேருக்கும், நேரில் போய்க் கேட்டவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்கும் இருந்தது.

இந்த வகைகளுக்கு நடுவே உயரமான சுவர் கிடையாது. அமெரிக்காவில் பங்கஜ் ஜே பஸ்ரிச்சா தலைமையிலான குழு 2021-ல் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டது: கேஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர் பெற்றவர்களை 48 வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது, 42 சதவீதம் பேர் செயல்பாட்டு அஜீரணம் என்ற வகைக்கு மாறியிருந்தார்கள். எதிர்த் திசையில் மாறியவர்கள் 37 சதவீதம். ஆகவே தாளில் எழுதியிருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு கலங்க வேண்டாம். உங்கள் தொல்லை எப்போது, எதற்குப் பிறகு, எப்படி வருகிறது என்பதே அதிகம் உதவும்.

முதலில் இதைச் சரிபாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

1. முயற்சி செய்யாமலே எடை குறைவது.
2. விழுங்கும்போது உணவு சிக்குவது.
3. ரத்த வாந்தி, காபித்தூள் போன்ற வாந்தி, தார்போலக் கறுத்த மலம்.
4. விடாத வாந்தி.
5. ரத்தசோகை, அல்லது வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி.
6. குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்திருப்பது.
7. நடுவயதைத் தாண்டியபின் முதன்முறையாகத் தொடங்கிய அஜீரணம்.
8. பெண்களுக்கு, குறிப்பாக 50 வயதுக்கு மேல், புதிதாக வந்து விடாமல் நீடிக்கும் உப்புசமும் சீக்கிர நிறைவும். இது சூலகப் புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். அதற்கான ஸ்கேன் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடந்தால், மாடி ஏறினால் மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ வரும் அழுத்தம், வியர்வையோடும் மூச்சுவாங்கலோடும் வரும் "கேஸ்", தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி ஆகியவற்றைச் சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்துவிட்டு, பிறகு வயிற்றைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

"கேஸ்" என்று நாம் சொல்வது

வயிறு பலூன்போல எழும்பினால் உள்ளே காற்று ரொம்பிவிட்டது என்று நினைக்கிறோம். பார்சிலோனாவில் ஃபெர்னாண்டோ அஸ்பிரோஸ் குழுவினர், வயிறு உப்பியிருக்கும் நேரத்திலும் உப்பாத நேரத்திலும் சிடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். செயல்பாட்டு உப்புசம் உள்ள பெரும்பாலோருக்குக் காற்றின் அளவு சிறிதளவே கூடியிருந்தது. நடந்தது வேறு: மூச்சுத்தசையான உதரவிதானம் கீழே இறங்கி அழுத்த, வயிற்றின் முன்சுவர் தளர்ந்து வெளியே தள்ளியது. உடம்பு தன்னையறியாமல் கற்றுக்கொண்ட பழக்கம் இது. மெதுவாகப் பழக்கினால் மாற்றவும் முடியும்.

சாப்பிட்டு முடித்ததும் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையை நெஞ்சில், மறு கையை வயிற்றில் வையுங்கள். நெஞ்சுக் கை அசையாமல், வயிற்றுக் கை மட்டும் மெல்ல எழும்படி மூக்கால் மூச்சை இழுங்கள். அதைவிட நீளமாக வாயால் விடுங்கள். ஐந்து நிமிடம், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும். விடாமல் வரும் ஏப்பத்துக்கும் இந்தப் பயிற்சி பலன் தருகிறது. சோடாவைக் குடித்து வரவழைக்கும் ஏப்பம், சோடாவோடு உள்ளே போன காற்று வெளியே வருவதுதான். நிறைந்து கிடக்கும் இரைப்பைக்கு அது கூடுதல் பாரம்.

இரண்டு வாரக் குறிப்பேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு வேளைக்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்.

1. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டீர்கள்.
2. என்ன, எவ்வளவு. "சாதம்" என்று மட்டும் எழுதாமல், "ஒரு கரண்டி சாதம், கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பு, அப்பளம் இரண்டு" என்று எழுதுங்கள்.
3. தொல்லை எப்போது தொடங்கியது: சாப்பிடும்போதா, அரை மணியிலா, மூன்று மணி கழித்தா.
4. என்ன தொல்லை: நிறைவு, உப்புசம், எரிச்சல், குமட்டல், வலி. 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்.
5. அன்று மலம் கழித்தது, முந்தைய இரவுத் தூக்கம், மன அலைச்சல், மாத்திரைகள்.

சாப்பிடும்போதே வரும் நிறைவு, இரைப்பை இடம் கொடுப்பதில் உள்ள சிக்கலைக் காட்டலாம். பல மணி கழித்தும் நிற்கும் பாரம், குமட்டல், வாந்தி இருந்தால் தாமதமாகக் காலியாவதைச் சந்தேகிக்கலாம். நோட்டை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. ஆனால் மருத்துவர் எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தீர்மானிக்க இந்த இரண்டு வாரம் பெரிய உதவி.

மலம் பற்றி எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நல்ல ஆரோக்கியமானவர்கள் மலத்தை வேண்டுமென்றே அடக்கிவைத்தபோது இரைப்பை காலியாவதும் தாமதமானதை 1993-ல் ஒரு ஆய்வு காட்டியது. கீழே தேங்கினால் மேலேயும் தேங்கும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

அளவைப் பிரியுங்கள். மூன்று பெரிய வேளையை ஐந்து சின்ன வேளையாக்குங்கள். நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் மிக்சர், முறுக்கு என்று கொறிக்க வேண்டாம்.

கொழுப்பைக் குறையுங்கள். பூரி, பரோட்டா, வடை, தேங்காய் அரைத்த குருமா, எண்ணெய் மிதக்கும் பிரியாணி எல்லாம் இரைப்பைக்கு "மெதுவாக" என்று ஆணையிடுபவை. தாளிப்பை நிறுத்த வேண்டியதில்லை. பொரித்ததைக் குறைத்தால் போதும்.

மசியும் உணவைத் தேர்ந்தெடுங்கள். சுவீடனில் சர்க்கரை நோயால் கேஸ்ட்ரோபரேசிஸ் வந்த 56 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், சிறு துகள்களாக மசியும் உணவை 20 வாரம் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, நிறைவு, உப்புசம் எல்லாம் குறைந்தன. சோதனை எளிது: முள்கரண்டியால் அழுத்தினால் வேகவைத்த உருளைக்கிழங்குபோல மசிய வேண்டும். நம் சமையலறையில் இட்லி, குழைந்த பருப்பு சாதம், கஞ்சி, ரவைக் கிச்சடி, மசித்த கீரை, பூசணி, சுரைக்காய், மசித்த வாழைப்பழம், நன்றாக வெந்த மீன் என்று பட்டியல் நீளம். முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், பச்சைக் காய்கறி, பழத்தோல் ஆகியவற்றைத் தவிருங்கள். மெதுவான இரைப்பையில் நார் சுருண்டு உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

திரவத்தின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். திட உணவு தேங்கும் வயிற்றிலும் திரவம் பெரும்பாலும் இறங்கிவிடும். சோறு செல்லாத நாளில் பருப்புத் தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப், நீர்மோர், மெல்லிய சத்துமாவுக் கஞ்சி ஆகியவற்றால் உடம்பைத் தாங்கலாம். சாப்பாட்டோடு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதை மட்டும் தள்ளி வையுங்கள்.

சாப்பிட்டதும் படுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் மெல்ல நடங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள்.

இஞ்சி, சுக்கு பற்றி எல்லோரும் கேட்பார்கள். தைவானில் செயல்பாட்டு அஜீரணம் உள்ள 11 பேருக்கு 1.2 கிராம் இஞ்சி கொடுத்துச் செய்த 2011 ஆய்வில் இரைப்பை சற்று வேகமாகக் காலியானது. ஆனால் தொல்லையில் மாற்றம் தெரியவில்லை. இஞ்சிச் சாறு உங்களுக்கு இதமாக இருந்தால் குடியுங்கள். அதையே மருந்தாக நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். வேகமும் சுகமும் ஒன்றில்லை என்பதையும் இந்தச் சின்ன ஆய்வு சொல்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஆகவே இந்தப் பகுதி நிறைய வீடுகளுக்கானது. ரத்தச் சர்க்கரை ஏறினால் அந்த நேரத்திலேயே இரைப்பை மெதுவாகிறது. இரைப்பை மெதுவானால் சாப்பாடு குடலுக்குப் போய்ச் சேருவது தாமதமாகிறது; ஆனால் போட்ட இன்சுலின் காத்திருக்காது. சாப்பிட்ட உடனே சர்க்கரை இறங்கி வியர்ப்பது, பல மணி கழித்து எகிறுவது என்று மாறி மாறி நடந்தால், இரைப்பை காலியாவதில் தாமதமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். செமாக்லுடைட், டிர்செபடைட் போன்ற புதிய ஊசிகளும் இரைப்பையை மெதுவாக்கும். அறுவை சிகிச்சைக்கோ எண்டோஸ்கோபிக்கோ போகும்முன் அவற்றைப் போடுவதை மறைக்காமல் சொல்லுங்கள். கஞ்சியும் குழைந்த சாதமும் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும் என்பதால், மசித்த உணவில் பருப்பு, முட்டை, மீன், காய் எவ்வளவு சேர்ப்பது என்பதை உணவியலாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மாத்திரையும் சோதனையும்

மருந்துக்கடையில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால், அமிலம் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு சேர்ந்த ஒன்று கைக்கு வரலாம். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும்; ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அதைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மெட்டோகுளோப்ரமைடு, நீண்டநாள் எடுத்தால் முகத்தசைகள் தானாக அசையும் தீராத கோளாறைத் தரலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2009-ல் கடுமையாக எச்சரித்தது. லெவோசல்பிரைடு கைநடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் கொண்டுவரலாம்; முதியவர்களிடம் அதிகம் கவனிக்க வேண்டும். இவை தேவையான இடத்தில் நல்ல மருந்துகள். ஆனால் எத்தனை நாள் என்பதை எழுதிக் கொடுத்தவர் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நாமே வாங்கி விழுங்கக் கூடாது.

மருத்துவர் எச்.பைலோரி கிருமிக்குச் சோதனை செய்யலாம். இருந்தால் அதை ஒழிப்பது சிலருக்கு நிரந்தர நிவாரணம் தருகிறது. குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால் "என்னை மனநோயாளி என்கிறாரா" என்று வருந்த வேண்டாம். வயிற்று நரம்பின் கூர்மையைத் தணிக்கவும் அது பயன்படுகிறது. 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதை எடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம் கிடைத்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம். அதே ஆய்வில், இரைப்பை தாமதமாகக் காலியானவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. யாருக்கு எந்த வேலையில் தடுமாற்றம் என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்பது இங்கே தெரிகிறது.

தாமதத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம் கொண்ட 255 கலோரி உணவைச் சாப்பிடக் கொடுத்து, நாலு மணி நேரம் படம் எடுப்பார்கள். நாலாவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் தாமதம். முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லி மாற்று உணவு கேளுங்கள். நிறுத்த வேண்டிய மாத்திரைகள் எவை என்று கேளுங்கள். அன்று காலைச் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஏறியிருந்தால் முடிவு தப்பாக வரும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது

குறிப்பேடு, எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய ரிப்போர்ட்டுகள், ஆறு மாதத்து எடை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். "கேஸ் ட்ரபுள்" என்று தொடங்காதீர்கள். "மூணு மாசமா, வாரத்துல நாலு நாள், ரெண்டு இட்லிலயே வயிறு நிறைஞ்சிடுது டாக்டர், அரை மணியில ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் இருக்கு, வாந்தி இல்ல, எடை குறையல" என்று சொல்லுங்கள். சொல்ல அரை நிமிடம் போதும். "நார்மல்" என்ற தாளில் இல்லாத தகவல் அத்தனையும் அதில் இருக்கிறது.